முதுமையுற்ற காவல் நாயும் நமது கடமையும்

நூல் விலை, பயிர்க் கடன், உரப் பங்கீடு, சங்கக் கணக்கு ஆகியவற்றைப் பற்றியே இவ்விதழில் பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்மாதம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள விழைகிறோம். அங்கத்தினர் பதிவேட்டில் பெயரில்லாமலும், கூலி கேளாமலும், தறிக்கூடத்தையும் களத்துமேட்டையும் இரவெல்லாம் காத்து நிற்கும் ஜீவன் ஒன்று நம் இல்லங்களில் உண்டு. கிணற்றடி மோட்டார்க் கொட்டகையில் படுத்துக் காவல் புரிவதும் அதுவே; நிலக்கடலைக் காட்டில் பன்றி புகாமல் குரைத்து விரட்டுவதும் அதுவே. அந்த நாய்க்கும் முதுமை வருகிறது. அப்போது அதன் உடலில் நிகழும் மாறுதல்களை அறிந்துகொள்கிறோமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஏன் இதனை எழுத நேர்ந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறோம். நாம் அடிக்கடி சென்றுவரும் நெசவாளர் தெரு ஒன்றில், ஓர் இல்லத்தில், மணி என்னும் நாட்டு நாய் இருந்தது. குழித்தறியின் ஓரமே அதன் இடம். விடியற்காலையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடத் தொடங்கினால், பாவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரையில் ஆட்களோடு தானும் நடந்து வரும், பாவை மிதித்ததில்லை. பதினொன்றாம் வயதில் அது பாவோடு நடப்பதை நிறுத்திற்று. சோற்றின் அருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிச் சென்று படுத்துக்கொண்டது. "வயதாகிவிட்டது" என்றனர் வீட்டார். கேட்டிருந்த நாமும் அவ்வாறே ஆமோதித்தோம்.

ஒரு மாதம் சென்றது. அவ்வீட்டு மூதாட்டியார் ஒருவர்தாம், நாய் சோற்றை வாயின் ஒரு புறமாகவே ஒதுக்குவதையும், கண்ணின் கீழே சிறிது வீங்கியிருப்பதையும் கண்டார். மருந்தகத்திற்குக் கொண்டு சென்றனர். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். மேல் தாடையின் பெரிய பல் பிளந்து, வேரில் சீழ் பிடித்திருந்தது. "அம்மா, இதற்குப் பசி போகவில்லை, பல்தான் போயிற்று" என்றார் அவர். பல்லை எடுத்த பத்தாம் நாள் மணி மீண்டும் பாவோடு நடந்தது. அதன் பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது.

"வயதாகிவிட்டது" என்னும் ஒரு சொல்லால் ஒரு மாத வேதனையை நாம் மூடிவிட்டோம். முதுமை நோயன்று, ஆனால் நோய்கள் முதுமையின் போர்வைக்குள் மறைந்து வருகின்றன. அவற்றுள் பல தீர்க்கத்தக்கவை; தீர்க்க இயலாதனவற்றிலும் வலியைத் தணிக்க வழியுண்டு. இதனை நம் அங்கத்தினர்கள் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

முதுமை எப்போது தொடங்குகிறது?

நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டுக்குச் சமம் என்று கூறுவதுண்டு. அக்கணக்குச் சரியன்று. ஒரு வயது நாய் குட்டி ஈனும். ஏழு வயதுக் குழந்தையோ பள்ளிக்குச் செல்லும் பருவத்தது. நாய் முதல் இரண்டு ஆண்டுகளில் மிக விரைவாக வளர்ந்து, பின்னர் மெதுவாக மூப்படைகிறது. லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதிற்கேற்ப ஏற்படும் மாறுதல்களை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதனையே காட்டிற்று.

பொதுவாக, உடல் பெருத்த நாய்கள் விரைவில் மூப்படைகின்றன. இராஜபாளையம் போன்ற பெரிய நாய்களுக்கு ஏழு, எட்டு வயதிலும், நடுத்தர நாட்டு நாய்களுக்கு ஒன்பது, பத்து வயதிலும், சிறு நாய்களுக்கு அதற்கும் பிறகும் முதுமை தொடங்குவதாகக் கொள்ளலாம்.

முகவாய் நரைப்பதும், உறக்கம் மிகுவதும், காது சிறிது மந்தமாவதும் இயல்பானவை. கண்மணியில் நீலம் கலந்த மங்கல் படர்வதும் பெரும்பாலும் இயல்பே. அதனால் பார்வை பெரிதும் கெடுவதில்லை. ஆனால் வெண்மையாகத் திரையிட்டு, நாய் தூணிலும் தறிக்கட்டையிலும் மோதத் தொடங்கினால் அது கண்புரையாயிருக்கக்கூடும்.

இயல்பான மாறுதல் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வருவது. சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ வந்த மாறுதலை முதுமையின் மேல் சுமத்தலாகாது.

வலியை அறியும் வகை

வலி இருந்தால் நாய் ஊளையிடும் என்று பலர் நினைக்கின்றனர். நாட்பட்ட வலியைப் பெரும்பாலான நாய்கள் சத்தமின்றிப் பொறுத்துக்கொள்கின்றன. ஆகவே அதன் நடையையும் பழக்கத்தையும் கொண்டே நாம் உணர வேண்டும்.

படுத்தெழும்போது முதல் சில அடிகள் விறைப்பாக வைத்தல், திண்ணையில் ஏறத் தயங்குதல், ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல், வெயிலில்லாத வேளையிலும் இரைத்தல், தொட்டால் உறுமுதல், படுக்கும்முன் பலமுறை சுற்றிச் சுற்றி இடம் கொள்ளாமல் தவித்தல் ஆகிய இவை வலியின் குறிகள். நகங்கள் வழக்கத்தினும் நீண்டிருப்பின், நாய் நடையைக் குறைத்துக்கொண்டது என்று அறியலாம். இவ்வாறு வருந்தும் கிழ நாய்களில் பலவற்றுக்கு மூட்டு வாதமே காரணம். அதற்கு நாய்களுக்கேற்ற மருந்துகள் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் உண்ணும் பாரசிட்டமால், டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் முதலிய மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் நாய்க்குக் கொடுத்தல் கூடாது. அவை இரைப்பையில் புண்ணையும், ஈரல், சிறுநீரகக் கேட்டையும் விளைவித்து உயிரையே போக்கக்கூடும். இரக்கத்தால் கொடுத்த மாத்திரையே எமனாக முடிதல் பரிதாபமன்றோ!

அளந்து பார்க்க வேண்டியவை

நெசவாளர் கெஜக் கணக்கு அறிந்தவர். உழவர் மூட்டைக் கணக்கு அறிந்தவர். கணக்கிட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. நாயின் நலத்தையும் சில எளிய அளவுகளால் அறியலாம்.

நீர்: காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மீதியை அளக்க வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி வரை குடிப்பது பொதுவான அளவு. கோடையில் சற்று மிகும். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 20 கிலோ நாய் 2 லிட்டருக்கு மேல், தொடர்ந்து குடிக்குமாயின் சிறுநீரக நோயோ நீரிழிவோ வேறு நோயோ உண்டென ஐயுற வேண்டும். சிறுநீரகங்களின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அழிந்த பின்னரே இத்தாகம் வெளிப்படுகிறது. ஆகையால் தாமதித்தல் தகாது. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறதென்று சிலர் நீரைக் குறைத்துவிடுகின்றனர். அது பெருந்தவறு, நோயுற்ற சிறுநீரகத்தை மேலும் கெடுப்பதாகும்.

எடை: சங்கக் கிடங்கிலோ களத்திலோ எடை மேடை இருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பின்னர் தனியாக ஏறி நின்று, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நாயின் எடை கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை குறித்து வைத்தல் போதும். 20 கிலோ நாய் காரணமின்றி 18 கிலோ ஆயிற்றெனில், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்ததெனில், மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மூச்சு: நன்கு உறங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நலமுள்ள நாய்க்கு 30-க்குள் இருக்கும். பல இரவுகள் அதற்கு மேல் இருந்தாலும், இரவில் வறட்டு இருமல் வந்தாலும், இருதயத்தையோ நுரையீரலையோ சோதித்தல் வேண்டும்.

ஈறு: உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாயிருத்தல் வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பும். ஈறு வெளுத்திருப்பது இரத்தச் சோகையைக் காட்டும். உண்ணிகள் பரப்பும் காய்ச்சல் நம் பக்கத்தில் அதற்கு ஒரு முக்கிய காரணம். இயற்கையில் கருநிற ஈறுள்ள நாய்க்குக் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கலாம்.

பெண் நாய்க்கு இன்னொன்றும் கவனிக்கற்பாலது. கருத்தடை அறுவை செய்யப்படாத முதிய பெண் நாய், பருவம் கழிந்த சில வாரங்களில் சோர்ந்து, மிகுதியாக நீர் குடித்து, வாந்தியெடுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கக்கூடும். சீழ் வெளியே ஒழுகினாலும் ஒழுகாவிட்டாலும் இது உயிருக்கு ஆபத்தானது; அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். மடிக்காம்புகளின் அருகே கட்டி தோன்றினாலும் சிறியதாயிருக்கும்போதே காட்டுதல் நன்று.

மனத் தளர்வு

மனிதரைப் போன்றே நாய்க்கும் மூளை தளர்வதுண்டு. பழகிய வீட்டிலேயே மூலையை நோக்கி நின்றுகொண்டிருக்கும்; தறிக்குப் பின்னே நுழைந்து திரும்பி வரத் தெரியாமல் நிற்கும்; பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் அலையும்; வீட்டாரையே அயலாராகப் பார்க்கும். இத்தகைய நாயை அதட்டுவதாலும் அடிப்பதாலும் பயனில்லை. பொருள்களை இடம் மாற்றாமல் வைத்து, இரவில் சிறு விளக்கு எரியவிட்டு, உணவையும் உறக்கத்தையும் ஒரே வேளையில் அமைத்தால் அதன் கலக்கம் குறையும். காது மந்தத்தாலும் வலியாலும் கூட இக்குறிகள் தோன்றலாமாதலின், மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவசியம்.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. நாயின் குணம் திடீரென மாறி, தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க இயலாமல் தவிக்குமாயின், அதனை முதுமையென்றோ தொண்டையில் எலும்பு சிக்கிற்றென்றோ எண்ணி வாயில் கையிடலாகாது. வெறிநோயாயிருக்கக்கூடும். நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். கடிபட்டாலோ புண்ணில் எச்சில் பட்டாலோ, சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எவ்வளவு மூப்படைந்த நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு வருதல் நம் இல்லத்துக்கும் தெருவுக்கும் பாதுகாப்பு.

வீட்டில் செய்யத்தக்கவை

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நான்கைந்து சணல் சாக்குகளை மடித்துத் தைத்தால் நல்ல படுக்கையாகும். வெறுந்தரையில் படுத்து முழங்கை தேய்ந்து புண்ணாவதை அது தடுக்கும். வழவழப்பான தரையில் கால் வழுக்குமாயின் சாக்கு விரித்து வழி அமைக்கலாம். நீர்ப்பானை படுக்கைக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் முதிய நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் காட்டுக்குச் செல்லலாகாது. உணவை மசித்து, இருவேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெங்காயம் கலந்த குழம்புச் சோறு நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

எழ இயலாமல் கிடக்கும் நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் புரட்டிப் படுக்க வைத்து, சிறுநீர் பட்ட இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். ஈரமான புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைப்பது நம் ஊர்களில் சாதாரணம். அப்புண்ணில் மண்ணெண்ணெயையோ பினாயிலையோ பூச்சிமருந்தையோ ஊற்றுதல் கொடுமை. நாய் அதனை நக்கி நஞ்சேறி மடியும். மருந்தகத்தில் புழுவை எடுத்துப் புண்ணை ஆற்ற முறையான சிகிச்சை உண்டு.

நல்ல நாளும் பொல்லாத நாளும்

எல்லாம் செய்த பின்னரும் ஒரு கட்டம் வருகிறது. நோய் தீராது, நாய் உயிரோடிருக்கிறது, ஆனால் அது வாழ்கிறதா, வெறுமனே வதைபடுகிறதா என்பது விளங்கவில்லை. அன்பினால் நம் கண் மறைந்துவிடுகிறது. இன்று வாலாட்டிற்று என்று நேற்றைய வேதனையை மறந்துவிடுகிறோம்.

இக்குழப்பத்திற்கு உதவியாக, ஆலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ஆம் ஆண்டில் ஓர் அளவுமுறையை வகுத்தார். வலி, பசி, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், பொல்லாத நாட்களினும் நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழு இனங்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பிட வேண்டும். வலியில் மூச்சுத் திணறலும் அடங்கும். துன்பம் குறைவாயிருந்தால் மதிப்பெண் மிகும். மொத்தம் 70. கூட்டுத்தொகை 35-க்கு மேலிருப்பின், அதன் வாழ்வு தாங்கத்தக்க நிலையில் உள்ளதென்று கொண்டு பராமரிப்பைத் தொடரலாம். எண் ஒன்றே முடிவு கூறிவிடாது. ஆயினும் வாரந்தோறும் இட்டு வந்தால் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குப் புலனாகும்.

இதனினும் எளிய முறை ஒன்றை மணியின் வீட்டார் கைக்கொண்டனர். பதின்மூன்றாம் வயதில் அது மிகுதியாக நீர் குடிப்பதை, இம்முறை முதல் வாரத்திலேயே, பானையை அளந்து கண்டனர். சிறுநீரகம் பழுதுற்றிருப்பதை இரத்தப் பரிசோதனை காட்டிற்று. மருந்தாலும் உணவு மாற்றத்தாலும் ஏழு மாதங்கள் சுகமாகவே கழிந்தன. மணிக்கு மிக விருப்பமான மூன்று செயல்களை வீட்டார் முன்னரே குறித்து வைத்திருந்தனர். விடியலில் பாவோடு நடத்தல், பள்ளியிலிருந்து வரும் சிறுமியை வாசலில் எதிர்கொள்ளல், தபால்காரரைக் கண்டு குரைத்தல் என்பவை அவை. மூன்றில் இரண்டு நிகழ்ந்த நாளுக்குச் சுவர்க் காலண்டரில் வட்டமும், நிகழாத நாளுக்குப் பெருக்கற் குறியும் இட்டது அச்சிறுமியே.

முதலில் நின்றது பாவு நடை. பின்னர் குரைப்பு ஓய்ந்தது. எட்டாம் மாதத்தில் வட்டங்களினும் பெருக்கற் குறிகள் மிகுந்தன. வாந்தி நிற்கவில்லை, வாயில் புண் கண்டது, நீரும் இறங்கவில்லை. சிறுமி வரும்போது தலையை மட்டும் தூக்கிற்று. பிறகு அதுவும் இல்லை.

இறுதி முடிவு

இந்நிலையில் செய்யத் தகாதவற்றை முதலில் கூறுகிறோம். சந்தைப்பேட்டையிலோ பேருந்து நிலையத்திலோ கொண்டு விட்டு வருவது துரோகம். பசியாலோ தாகத்தாலோ வாடுமாறு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றமுமாகும். நஞ்சிடுவது கொடிய மரணம். மூலையில் போட்டுவிட்டு, "தானாகப் போகட்டும்" என்று வாளாவிருப்பதும் கருணையாகாது.

மருத்துவர் கையால் வலியின்றி உயிர் நீக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் மயக்க மருந்தால் அமைதிப்படுத்தி, பின்னர் நரம்பு வழியே மிகுதியான மயக்க மருந்தைச் செலுத்துவர். சில வினாடிகளில் உணர்வு நீங்கும். சில நிமிடங்களில் இருதயம் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கலாம். உணர்வு நீங்கிய பின் ஓரிரு மூச்சு எழலாம். அவை வேதனையின் குறிகளல்ல. இதனை முன்னரே அறிந்திருந்தால் அருகிலிருப்போர் அஞ்சமாட்டார்.

உயிரை நீக்குதல் தம் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் ஒவ்வாது என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களுடைய கொள்கையை நாம் மதிக்கிறோம். ஆனால் அக்கொள்கை ஒரு பெரும் பொறுப்பைச் சுமத்துகிறது. இறுதி மூச்சு வரையில் வலி தணிக்கும் மருந்தையும் தூய்மையையும் நீரையும் விடாமல் அளித்தாக வேண்டும். இயற்கை மரணம் என்னும் பெயரால் கவனிப்பாரற்ற வேதனையை நியாயப்படுத்தலாகாது.

மணியின் வீட்டில் நெசவாளர் முதலில் உடன்படவில்லை. "வளர்த்த கையாலேயே எப்படி ஐயா?" என்று மருத்துவரைக் கேட்டார். மருத்துவர் வற்புறுத்தவில்லை, காலண்டரைக் காட்டி, முடிவு உங்களுடையது என்றார். இரண்டு நாள் சென்றது. மூன்றாம் நாள் காலையில் மூதாட்டியார் மகனை அழைத்து, "தம்பி, பல் வலித்தபோது ஒரு மாதம் காக்க வைத்தோம், இப்போதும் காக்க வைக்க வேண்டாம்" என்றார். மருத்துவர் வீட்டுக்கே வந்தார். குழித்தறியின் ஓரத்தில், சாக்குப் படுக்கையில், மூதாட்டியாரின் கை தலைமேல் இருக்க, மணி அமைதியாக அடங்கிற்று. அன்று அவ்வீட்டில் தறி ஓடவில்லை.

அடக்கம் செய்வதிலும் கவனம் வேண்டும். மயக்க மருந்து தங்கிய உடலைக் காக்கையோ பிற நாய்களோ தின்றால் அவையும் மடியும். ஆகவே கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் அப்பால், நான்கு அடிக்குக் குறையாத குழியில் புதைத்தல் வேண்டும்.

முடிவுரை

பாரதத்தின் இறுதியில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விடுத்துச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமபுத்திரர் நின்றதை நம் கிராமத்துக் கூத்திலும் கதையிலும் கேட்டிருக்கிறோம். சுவர்க்கத்தைத் துறக்குமாறு நம்மை எவரும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை எடையும், வாரம் ஒருமுறை ஈறும் மூச்சும், நாள்தோறும் நீர்ப்பானையும் பார்த்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டி வந்தால் இன்னும் நலம்.

அங்கத்தினர்கள் இவ்விதழை மடித்து வைத்துவிட்டு, இன்றிரவே தத்தம் வீட்டு வாசலில் உறங்கும் கிழ நாயின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆண்டுகள் பல நம்மைக் காத்த ஜீவனுக்கு ஒரு நிமிடக் கவனம் பெரிய கூலியாகாது.